சனிக்கிழமை வீட்டு ரசம்

சிரஞ்சீவி அம்பிக்கு, அடையாற்றிலிருந்து உன் அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. உன் ரயில் இந்நேரம் கோதாவரியைத் தாண்டியிருக்கும். உனக்கு மட்டும் சொல்லவேண்டிய சமாசாரமென்றால் ஒரு கவரில் போட்டு ஒட்டியிருப்பேன். மயிலாப்பூரில் மாதப் பத்திரிகை நடத்தும் நம் சிநேகிதரிடம் இதன் நகலைக் கொடுத்து அச்சிலும் போடச் சொல்லியிருக்கிறேன். அப்பன் இந்த வயதில் எழுத்தாளனாகிவிட்டானே என்று பயப்படாதே. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை விடைத்தாள் திருத்துகிறவர்கள்மேல் இரக்கப்பட்டு விட்டுவிட்டவன் நான். அச்சில் போடச் சொன்னதற்குக் காரணம் வேறு. ஒரு கல்யாணப் பந்தியில், நாலு பேர் இருக்கிற இடத்தில், நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதைத் திரும்ப வாங்கவேண்டுமென்றால் அதே நாலு பேர் முன்னால்தான் வாங்கவேண்டும். அன்று என்னோடு இலையில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் இந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள். மற்றப் பாதி அவர்களிடம் இரவல் வாங்கிப் படிக்கிறவர்கள். ஒருவரும் தப்பமாட்டார்கள்.

நேற்றுப் பிளாட்பாரத்தில் நீ என்னிடம் இரண்டு விஷயம் சொன்னாய். ஸ்காலர்ஷிப் பணத்தில் மாதம் பதினைந்து ரூபாய் எனக்கு அனுப்புவதாகச் சொன்னாய். நான் வேலை பார்க்கும் பங்களா விலைக்குப் போகிறது, அப்புறம் நான் எங்கே இருப்பேன், மயிலாப்பூரில் ஓர் அறையாவது பார்த்துக்கொள்ளட்டும் என்று உனக்குக் கவலை. இரண்டாவதாக, வண்டி ஊதிவிட்ட பிறகு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அங்கேயும் சனிக்கிழமை விரதத்தை விடமாட்டேன்ப்பா" என்று சொன்னாய். அந்த நேரத்தில் நான் உன்னிடம் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது. இரண்டு வாரமாக நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன். "பெருமாளுக்குக் கல்கத்தா விலாசம் தெரியுமாடா?" என்றுதான் வந்தது. நீ சிரித்தாய். பக்கத்து ஜன்னலில் இருந்தவரும் சிரித்தார். வண்டி போய்விட்டது. என் தொண்டையில் எது கிளம்பினாலும் வாய்க்கு வரும்போது வேடிக்கையாகத்தான் வருகிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தில் எழுதினால் அடித்துத் திருத்தலாம்.

உன் அம்மா போன பிறகு எனக்கு இந்தப் பங்களாவில் குமாஸ்தா வேலை கிடைத்தது உனக்கு நினைவிருக்கும். தோட்டத்து ஓரத்தில் ஓர் அறை, சமையற்கட்டில் எனக்கு மட்டும் சாப்பாடு, குடும்பம் வைத்துக்கொள்ளக்கூடாது என்று கண்டிப்பு. உன்னைக் காலேஜில் சேர்த்தபோது, சம்பளமும் புஸ்தகமும் போக உன் வயிற்றுக்கென்று என் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. மயிலாப்பூரில் ஒரு வீட்டு வாசல் அறையில் உன்னைப் படுக்க வைத்தேன். சாப்பாட்டுக்கு, வீடு வீடாகப் போய் வாரம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடு, திங்கட்கிழமை ஒரு வீடு என்று ஏழு நாளைக்கு ஏழு வீடு. இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பலர் அப்படித்தான் பி.ஏ. படித்தார்கள், அதில் வெட்கமில்லை என்று உன்னிடம் சொன்னேன். கேட்டுப் போனது நான், தினம் போய் வாசலில் நின்றது நீ. வெட்கமில்லை என்று சொல்ல எனக்கு என்ன கஷ்டம்?

ஞாயிற்றுக்கிழமைகளில் பாலம் தாண்டி நடந்து வந்து உன் செலவுக் கணக்கைக் கேட்பேன். கணக்குக் கேட்பது தகப்பனுடைய கடமை என்று எனக்கு எண்ணம். நீ ஒவ்வொன்றாகச் சொல்லுவாய். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு வேடிக்கை சொல்லுவேன். சோப்பு வாங்கினேன் என்றால், "என்னடா, பெண் பார்க்கப் போறியா?" என்பேன். விளக்குக்கு எண்ணெய் என்றால், "நிலாவுக்கு என்ன குறைச்சல்?" என்பேன். மழையில் நனைந்து ஒரு நாள் டிராமில் போனதைச் சொன்னபோது, "சீமான் வீட்டுப் பிள்ளை" என்று உன்னை ஒரு மாதம் கூப்பிட்டேன். நீயும் கூடச் சிரித்தாய். அடுத்த மாதம் சோப்பு இல்லை, அப்புறம் எண்ணெய் குறைந்தது, டிராமைப் பற்றிப் பேச்சே வரவில்லை. பிள்ளை சிக்கனம் கற்றுக்கொண்டுவிட்டான் என்று நான் பூரித்துப்போனேன். நீ கற்றுக்கொண்டது என்னிடம் எதையும் கேட்கக்கூடாது என்பதைத்தான். அது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அந்தக் கல்யாணம் நீ இரண்டாவது வருஷம் படிக்கும்போது நடந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, எந்த வீட்டில் எப்படிச் சாப்பாடு என்று உன்னைக் கேட்டேன். நீ எந்த வீட்டையும் குறை சொல்லவில்லை. சனிக்கிழமை வீட்டில் ரசம் தெளிவாக இருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும், இரண்டாந்தரம் கேட்டு வாங்கிக்கொள்ளுவேன் என்று சொன்னாய். அவ்வளவுதான் நீ சொன்னது. பந்தியில் யாரோ என்னிடம், பையன் சாப்பாடெல்லாம் எப்படி நடக்கிறது என்று விசாரித்தார். பக்கத்து இலை, எதிர் இலை எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தன. அந்த மாதிரி நேரத்தில் என்னைச் சும்மா இருக்கவைக்க யாராலும் முடியாது. "சனிக்கிழமையாத்து ரசத்துல பையனுக்கு முகம் தெரியறதாம். அதைப் பார்த்துத் தலைவாரிண்டு காலேஜுக்குப் போயிடறான். கண்ணாடி வாங்கற செலவு மிச்சம்" என்றேன். பந்தி முழுக்கச் சிரித்தது. பாயசம் எடுத்து வந்தவன்கூடப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அன்று ராத்திரி அடையாற்றுக்கு நடந்து வரும்போது அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து நானே மறுபடியும் சிரித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாய், சனிக்கிழமை விரதம் ஆரம்பித்திருக்கிறேன், அந்த வீட்டில் இனி வரவில்லையென்று சொல்லிவிட்டேன் என்று. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இங்கிலீஷ் படிக்கிற பிள்ளைகள் சந்தியாவந்தனத்தையே விட்டுவிடுகிற காலத்தில் என் பிள்ளை பெருமாளுக்கு ஒருபொழுது இருக்கிறான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒருபொழுது என்றால் அந்த ஒரு பொழுதுச் சாப்பாடு எந்த வீட்டில் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. காபி கிளப், ஹோட்டல் என்று எங்கேயும் சாப்பிடக்கூடாது என்று உன்னிடம் சத்தியம் வாங்கியிருந்தவனும் நான்தான். சனிக்கிழமை வீட்டு மாமா மாடவீதியில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். மனிதருக்குக் கண் மங்கிவிட்டது, ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று அதையும் ஒரு வேடிக்கையாக்கினேன்.

ஜட்கா ஓட்டும் காதர் ஒரு தடவை என்னை நிறுத்திச் சொன்னான். "இன்னா சாமி, ஒம் புள்ள சனிக்கெயமையானா மத்தியான வெயில்ல சமுத்திரத்தாண்ட குந்திகினு கீது. பொஸ்தகம் கையில கீது, ஆனா படிக்கல சாமி, சும்மா தண்ணியப் பாத்துகினு கீது. ஒடம்புக்கு எதுனா கீதா?" படிப்பாளிகள் அப்படித்தான் இருப்பார்கள், உன் குதிரைக்கு அது தெரியாது என்று சொல்லிவிட்டு நடந்தேன். போன கோடையில் பரீட்சை முடிந்ததும் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாயே, அப்போது ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது பட்டினி கிடந்து வந்த புண், இனி வேளைக்குச் சாப்பிடாவிட்டால் ரத்தமாகக் கக்குவான், அப்புறம் என்னைக் கேட்காதீர் என்றார். ஆறு வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறவனுக்குப் பட்டினி ஏது என்று நான் அவரிடமே வாதம் செய்தேன். உன்னிடம் வந்து, டாக்டர் உன்னை ராஜகுமாரன் மாதிரி வைத்துக்கொள்ளச் சொல்கிறார் என்று சொன்னேன். நீ அதற்கும் சிரித்தாய். கண் உள்ளே போயிருந்தது.

நீ புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னால் சனிக்கிழமை வீட்டு மாமா காலமானார் என்று கேள்விப்பட்டேன். அவர்கள் மயிலாப்பூரை விட்டு வெகுநாளாகிறதாம். ஏரியைத் தூர்த்து வீடு கட்டியிருக்கிறார்களே, அந்தப் புது மாம்பலத்தில் ஒரு வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தார்கள். மழை பெய்து தெருவெல்லாம் சேறு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு துக்கம் விசாரிக்கப் போனேன். அந்த மாமி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். துக்க வீட்டில் என்ன பேசவேண்டுமோ அதைப் பேசினேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே, அம்பி எப்படி இருக்கான் என்று விசாரித்தாள். கல்கத்தாவுக்குப் படிக்கப் போகிறான் என்றேன். இன்னும் சனிக்கிழமை விரதம் இருக்கிறான், உங்கள் வீட்டுச் சாப்பாட்டைக்கூட அதற்காகத்தானே விட்டான் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள்.

"விரதமா?" என்றாள். "அண்ணா, அவன் விடலை. இவர்தான் வரவேண்டாம்னார். அப்போ இவருக்கு வேலை போயிருந்தது. ஆபீஸ்ல ஆள் குறைச்சா. நாங்க வெளியில மூச்சு விடலை. பருப்பு வாங்க வழியில்லாத மாசம் அது. புளியும் மிளகும் போட்டுத்தான் ரசம். அம்பிக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கறேன். எனக்குத் தெளிவு ரசம்தான் மாமி பிடிக்கும்னு ரெண்டாந்தரம் வாங்கிப்பான். அதுக்கப்பறம்தான் யாரோ வந்து சொன்னா, அந்தப் பையன் உங்காத்து ரசத்துல முகம் பார்த்துத் தலைவாரிக்கறானாம்னு. இவர் நொறுங்கிப் போயிட்டார்."

அவளே மேலே சொன்னாள். "சனிக்கிழமை வந்து வாசல்ல நின்னான். நீயாடா அப்படிச் சொன்னதுன்னு இவர் கேட்டார். கொஞ்சம் யோசிச்சான். நான்தான் மாமா சொன்னேன், தப்புதான்னான். வேற ஒண்ணும் சொல்லலை. இனிமே இந்த வாசப்படி ஏறாதேன்னுட்டார். அவன் சொல்லியிருக்க மாட்டான்னு நான் அடிச்சுண்டேன். அவனே ஒத்துண்டுட்டானே, நீ என்ன வக்காலத்துன்னார். அடுத்த வாரமும் கை மறந்து ஒரு ஆழாக்கு அரிசி கூடத்தான் களைஞ்சு வெச்சேன்."

நான்தான் அதைச் சொன்னேன் என்று அவளிடம் சொன்னேன். அம்பி, என் ஆயுசில் வேடிக்கை கலக்காமல் நான் பேசிய வார்த்தை அது ஒன்றுதான். மாமி கோபித்துக்கொள்ளவில்லை. மாமாவுக்கு ஏற்றியிருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு, "அவர் இருக்கறச்சே வந்து சொல்லியிருக்கலாம் அண்ணா" என்றாள். மூன்று வருஷம் அவர் உன்னைப் பற்றி ஒரு தப்பான எண்ணத்தோடு இருந்துவிட்டுப் போய்விட்டார். அதை இனி யாராலும் மாற்ற முடியாது. என் புத்தி அத்தோடு நிற்கவில்லை. காரியமெல்லாம் ஆன பிறகு ஒரு பை துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு மறுபடியும் போனேன். கொண்டுபோய் அவள் முன்னால் வைத்த பிறகுதான் எனக்கே உறைத்தது, நான் எதைக் கொண்டுவந்து எந்த வீட்டில் வைத்திருக்கிறேன் என்று. "இப்போ எதுக்கு? சாப்பிடறவர் போயிட்டார்" என்றாள். ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். நான் செய்ததற்குப் பிராயச்சித்தம்கூட அவள்தான் செய்யவேண்டியிருந்தது.

போன சனிக்கிழமை நானும் பட்டினி இருந்து பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை. காலையில் பெரிய வீரனாட்டம் இருந்தேன். பத்து மணிக்குச் சமையற்கட்டில் தாளிக்கிற வாசனை வந்தது. மத்தியானம் கணக்கு எழுதும்போது ஒரே தொகையை இரண்டு தடவை கூட்டினேன். மூன்று மணிக்குத் தலை சுற்றிற்று. சமையற்காரனிடம் போய், மத்தியானம் மிஞ்சின சோறு இருந்தால் போடப்பா, மோர் ஊற்றிச் சாப்பிடுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பனுடைய வைராக்கியம் அவ்வளவுதான். முதல் கவளம் உள்ளே போனபோது சமுத்திரக் கரையில் நீ உட்கார்ந்திருந்தது கண்ணுக்கு முன்னால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இலை போடும்வரைக்கும் நீ அப்படியே இருந்திருக்கிறாய். அன்று காலையில் நான் வேறு வந்து உன்னிடம் கணக்குக் கேட்டிருக்கிறேன்.

இனி, தகப்பன் என்கிற முறையில் சில விஷயம் சொல்லவேண்டும். எனக்கு அந்த யோக்கியதை இருக்கிறதா என்று கேட்காதே, இல்லை. ஸ்காலர்ஷிப் பணம் கைக்கு வந்த அன்றைக்கே மாதம் முழுவதுக்கும் சாப்பாட்டுப் பணத்தை மெஸ்ஸில் கட்டிவிடு. தினம் கொடுத்துச் சாப்பிடுகிற ஏற்பாடு உனக்கு உதவாது. கையில் காசு இருந்தால் ஒரு வேளையைத் தள்ளிப் புஸ்தகம் வாங்கிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். புஸ்தகத்தைப் பழைய கடையில் வாங்கு, படித்த பிறகு அங்கேயே விற்றுவிடு. கம்பளியைப் புதிதாக வாங்கு. அங்கே குளிர் நம் ஊர் மார்கழி இல்லையாம், செத்தவன் வீட்டுக் கம்பளி ஏலத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதே. சோப்பு வாங்கு. எண்ணெய் வாங்கு. மழை பெய்தால் டிராமில் போ. அறையில் கூட இருக்கிற பிள்ளைகள் கடன் கேட்டால், கொடுக்க முடிந்ததைக் கொடு, முடியாததை முடியாது என்று சொல். உனக்கு வாய்த்ததுபோல அவர்களுக்கும் ஒரு அப்பன் இருக்கலாம். பசிக்கிறது என்றால் பசிக்கிறது என்று யாரிடமாவது சொல்லிப் பழகு. அதைக் கேட்டுச் சிரிக்காத ஒரு மனிதனை அந்த ஊரில் முதலில் தேடிக்கொள். செலவைத் திட்டம் போடுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

பதினைந்து ரூபாய் எனக்கு அனுப்பாதே. அந்தப் பதினைந்து ரூபாய் எந்த நாளுடைய சோற்றிலிருந்து வரும் என்று எனக்கு இப்போது தெரியும். பங்களா கை மாறட்டும். மாம்பலத்தில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுத வரச் சொல்லியிருக்கிறார்கள். மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொள்ள இடமும் கொடுப்பார்களாம். எலி உண்டு என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். எலிக்கும் எனக்கும் சேர்த்து அங்கே அரிசி இருக்கிறது. நீ அனுப்பினால் மணியார்டரைத் திருப்பிவிடுவேன், திருப்புகிற கூலி வேறு வீணாகும். இது வேடிக்கைக்கு எழுதினதில்லை.

இதை அச்சில் படிக்கப் போகிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அன்று பந்தியில் நான் சொன்னது பொய். என் பிள்ளை அந்த வீட்டு ரசத்தைக் குறை சொல்லவில்லை. அந்த வீட்டில் ஒன்றும் இல்லாத நாளிலும் அவனுக்கு இலை போட்டார்கள். அவன் அதைத் தெரிந்துகொண்டு, தெரியாதவன்போல் இரண்டாந்தரம் கேட்டுச் சாப்பிட்டான். இவ்வளவு மரியாதையாக நடந்துகொண்ட இரண்டு தரப்புக்கும் நடுவில் நான் ஒருவன் புகுந்து சிரிக்க வைத்தேன். அன்று சிரித்தவர்கள் அந்தச் சிரிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அம்பி, பெருமாளிடம் நான் பேசிக்கொள்கிறேன். சனிக்கிழமை நீ சாப்பிடு. சாப்பிட்டு, கை கழுவினவுடனே எனக்கு ஒரு கார்டு போடு. செலவு எழுதவேண்டாம், கணக்கு எழுதவேண்டாம். இலையில் என்ன விழுந்தது என்று மட்டும் எழுது. சாதம் குழைந்திருந்ததா, கறி என்ன, அந்த ஊரில் ரசம் என்று ஒன்று உண்டா, உண்டென்றால் எப்படி இருந்தது. நீ எப்படி இருந்தது என்று எழுதுகிறாயோ அப்படியே படித்துக்கொள்கிறேன். யாருக்கும் சொல்லமாட்டேன்.